நான்காவது பெட்டியில் ஏறிய கரி

“தள்ளிக்கப்பா, தள்ளிக்க! கரி போவுது!”

கத்திக்கொண்டே வைத்திலிங்கம் தன் டி.வி.எஸ். வண்டியைப் புளியமரத்துக்குள் விட்டார். மரத்துக்குள்தான். ‘தானே’ புயல் சாய்த்த மரம் சிதம்பரம்–கடலூர் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. கிளைகளுக்கு நடுவே ஒரு மாடு நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டி வழி செய்திருந்தார்கள். வண்டி, வைத்திலிங்கம், பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய கோணிப்பை மூன்றும் அதில் போய்ச் சிக்கின.

“யோவ் பெருசு, உசுரு போற அவசரமா?” என்றான் ரம்பத்தோடு நின்றவன்.

வைத்திலிங்கம் எஞ்சினை அணைத்தார். இறங்கிப் பையைத் தொட்டுப் பார்த்தார். கயிறு இளகவில்லை. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை இன்னொரு தடவை இழுத்துவிட்டார். ஈரம் படக்கூடாது. பட்டால் எல்லாம் போச்சு.

பதினோரு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் அலுவலகத்தில் கூட்டம். அதற்குள் இந்தக் கரி கண்ணாடிப் பெட்டியில் ஏறினால் அவர் மகள் எழிலரசிக்கு வேலை. ஏறாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு வந்து சேர நாலு வருஷம் பிடித்திருந்தது.

2008-ல் ‘கீழைக்கடல் அனல்மின் கழகம்’ முந்திரிமேட்டுக்கு வந்தது. வந்த வேகத்தில் வேலி போட்டது. வேலிக்குள் போன முந்திரித் தோப்புகளில் வைத்திலிங்கத்தின் தோப்பும் ஒன்று. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று சிதம்பரத்தில் கூட்டம் போட்டு, மைக் வைத்துச் சொன்னார்கள். சொன்னது மறந்துபோகக் கூடாது என்று வேலியிலேயே பெயின்டில் எழுதிவைத்தார்கள்: ‘முதல் கரி எரியும் அன்றே முதல் வேலை ஆணை.’

கரி எரிய எவ்வளவு நேரம் ஆகும்? அடுப்புப் பற்றவைக்கிற நேரம். எழிலரசி அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். படிப்பு முடியும்போது வேலை தயாராக இருக்கும் என்று வைத்திலிங்கம் நிம்மதியாகத் தூங்கினார்.

கழகத்துக்கோ ஒரு சின்னச் சிக்கல். எந்தக் கரியை எரிப்பது என்று முடிவாகவில்லை. கரி எது என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற கொதிகலன் செய்ய முடியும். கொதிகலன் செய்பவர், பேங்க் கடன் வரட்டும் என்றார். பேங்க், கரிக்கு ஒப்பந்தம் வரட்டும் என்றது. கரி விற்பவர், முதலில் கொதிகலனைக் காட்டுங்கள் என்றார். மூன்று பேரும் பஸ் வாசலில் நின்று ‘நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க’ என்று மரியாதை செய்துகொண்டிருந்ததில் பஸ் கிளம்பவே இல்லை.

எனவே நிலக்கரித் தேர்வுக் குழு பிறந்தது. குழுவில் நிலம் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. மேலாளருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த கதிரவன் உள்ளூர்ப் பையன். வைத்திலிங்கத்தை வீடு தேடி வந்தான்.

“மாமா, ஒங்களத்தான் மக்கள் பிரதிநிதியாப் போட்டிருக்கேன்.”

“எனக்குக் கரியப் பத்தி என்னா தம்பி தெரியும்?”

“தெரிஞ்சவங்க ஏற்கெனவே பதினாலு பேரு இருக்காங்க மாமா. ஊருல எதுத்துப் பேசாத ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

அவருடைய வேலை ஒன்றே ஒன்று. புதுக் கரி வந்தால், லாரியிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். மக்கள் கையால்தான் கரி மேடையேற வேண்டும் என்பது கழகத்தின் சம்பிரதாயம்.

மேடை என்றால் மெய்யாகவே மேடை. முந்திரிமேட்டு மெயின் ரோட்டில் இருந்த கல்யாண மண்டபத்தைக் கழகம் குத்தகைக்கு எடுத்திருந்தது. மணவறையில் மூன்று கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே பட்டுத்துணி விரித்து, இந்தோனேசியக் கரி, ஒடிசாக் கரி, ஆஸ்திரேலியக் கரி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி. கரியின் ஈரப்பதம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பதால் இரவும் பகலும் ஏ.சி. அந்த வருஷங்களில் கரண்ட் வந்த நேரத்தைவிடப் போன நேரம் ஜாஸ்தி. அதனால் கரிக்கென்று தனி ஜெனரேட்டர். ஊரே விசிறிமட்டையோடு வாசலில் உட்கார்ந்திருக்க, மண்டபத்தில் கரி மட்டும் குளிர்ந்துகொண்டிருந்தது.

முதல் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த வைத்திலிங்கத்தை மனைவி லோகநாயகி சும்மா விடவில்லை. அவளுக்கு இளைப்பு உண்டு, மூச்சு வாங்கும். பேச்சு மட்டும் வாங்காது.

“கரி பாத்துட்டு வந்தீங்களே, எப்பிடி? களையா இருக்கா?”

“ஒடிசாக் கரி வெல கம்மி. ஆனா நூறு கிலோவுல நாப்பது கிலோ சாம்பல். ரயில் வாடக வேற.”

“அப்ப சாம்பலுக்கு டிக்கெட் எடுத்துக் கூட்டியாறாங்க. சரி, அந்த இந்தோனேசியா?”

“சாம்பல் கம்மி. ஈரம் ஜாஸ்தி.”

“தண்ணிக்குக் கப்பல் வாடக. எவ வீட்டுலயாவது வெறகு வாங்க இம்மாம் பேரு கூடுவாங்களா? நான் போயி ஒரு கட்டய ஒடிச்சுப் பாத்தா சொல்லிட மாட்டேன்?” சிரிக்க ஆரம்பித்து, இருமலில் முடித்தாள்.

“வேல கெடக்குதும்மா. நான் கடலூர்ல துணிக்கடைக்குப் போறேன்” என்றாள் எழிலரசி.

“டிப்ளமா படிச்சது பொடவ மடிக்கவா? நம்ம நெலத்துல நிக்கிற ஆபீசு. நீ அதுல உக்காரணும். நான் வேலிக்கு இந்தாண்ட நின்னு பாக்கணும்” என்றாள் லோகநாயகி.

வருஷங்கள் போயின. கூட்டங்கள் நடந்தன. ஒருநாள் வைத்திலிங்கம் எழுந்து நின்று, நாலு வருஷத்தில் தாம் கேட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்.

“ஐயா, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இங்க பக்கத்துலயே இருக்கே?”

நிபுணர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வைத்திலிங்கத்தின் மேல் கோபமில்லை, இரக்கம்தான்.

“நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கரிக்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். இல்லையென்றே வையுங்கள். பக்கத்தில் கிடைப்பதை வாங்குவதற்கு ஒரு குழு எதற்கு? பதினான்கு நிபுணர்கள் எதற்கு? ஜகார்த்தாவுக்கு நான் ஆறு முறை போய்வந்தது எதற்கு? ஒரு கரி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதோ, அவ்வளவுக்கு அதைப் பற்றி ஆராய இடமிருக்கிறது. ஆராய்ச்சி இல்லாமல் வளர்ச்சி இல்லை.”

கைதட்டினார்கள். அடுத்து நிதி அதிகாரி சார்லஸ் எழுந்தார். கணக்கில் புலி.

“விலை என்பது நமக்குப் பொருட்டே அல்ல என்பதை இந்த அவைக்கு நினைவூட்டுகிறேன். கரி விலை ஏறினால் அதைக் கரண்ட் பில்லில் ஏற்றிவிடுவோம். டாலர் ஏறினால் அதையும் ஏற்றிவிடுவோம். கப்பல் வாடகை ஏறினால் அதையும். ஆனால் விலையைத் தீர ஆராய்ந்தோம் என்று காட்டாவிட்டால், ஏற்ற அனுமதி கிடைக்காது. ஆகவேதான் ஆராய்கிறோம். ஆராயும் செலவையும் பில்லில் ஏற்றிவிடுவோம்.”

2011-ல் இந்தோனேசிய அரசாங்கம், உலக விலைக்குக் கீழே யாரும் கரி விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. மலிவுக் கரி என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. மண்டபத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். முதல் பெட்டிக்குச் சம்பங்கி மாலை. இந்தோனேசியக் கரியைக் கவனித்துவந்த அதிகாரி மைக்கைப் பிடித்து, “என்னுடைய மூன்றரை வருஷத்தை இந்தப் பெட்டியில் பார்க்கிறேன்” என்று சொல்லி உடைந்தார். எல்லோரும் எழுந்து மௌனம் காத்தார்கள். வைத்திலிங்கமும் காத்தார். அன்றைக்குத்தான் எழிலரசியைப் பார்க்க வந்த பண்ருட்டி மாப்பிள்ளை வீட்டார், வேலை வரட்டும், அப்புறம் பேசுவோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். அதையும் சேர்த்து அந்த மௌனத்தில் காத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் லோகநாயகிக்கு இளைப்பு முற்றியது. சிதம்பரம் டாக்டர், மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் மெஷின் ஒன்றை வாங்கச் சொன்னார். சோப்புப் பெட்டி அளவு மெஷின். கரண்ட் இருந்தால் ஓடும். கரண்ட்தான் இல்லை. வைத்திலிங்கம் மண்டபத்துக்குப் போய்த் தலையைச் சொறிந்தார்.

“தம்பி, கரண்ட் இல்லாத நேரத்துல அவள இங்க கூட்டியாந்து ஒரு மூலயில உக்கார வச்சுக்கட்டா? கா மணி நேரந்தான். இங்க ஜெனரேட்டர் ஓடிக்கிட்டேதான இருக்கு?”

கதிரவன் தலையாட்டிவிட்டான். ஆனால் தனியாக முடிவெடுக்க அவனுக்கு அதிகாரமில்லை. துணைக்குழு கூடியது. அதற்கும் டீ, சமோசா உண்டு.

“டீசல் செலவு, கரி மாதிரிப் பாதுகாப்பு, அதாவது சாம்பிள் பாதுகாப்பு என்ற தலைப்பில் வருகிறது. அந்த அம்மா மாதிரி அல்ல” என்றார் சார்லஸ்.

“மாதிரியாகப் பதிவு செய்துவிட்டால்?” என்றான் கதிரவன்.

சார்லஸ் மனிதாபிமானம் உள்ளவர். விதிகளை மேலும் கீழும் புரட்டினார். “செய்யலாம். தடையில்லை. ஆனால் மாதிரி என்றால் அதன் வெப்ப மதிப்பை எழுதியாக வேண்டும். எரித்துப் பார்க்காமல் வெப்ப மதிப்பு எழுத விதியில் இடமில்லை. நான் என்ன செய்ய?”

இதை வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் வைத்திலிங்கம் நினைத்தார். லோகநாயகி விடவில்லை, பிடுங்கிவிட்டாள். கேட்டுவிட்டு, தலையணையில் சாய்ந்தபடி வெகுநேரம் சிரித்தாள். மூச்சுக்கும் சிரிப்புக்கும் நடுவே ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

“எரிக்கிறதுக்கு அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க. அதுவரைக்கும் என் பேர மட்டும் எழுதி வச்சுக்கச் சொல்லுங்க.”

மார்கழியில் சேர்மன் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தோனேசியா போனால் போகட்டும், ஆப்பிரிக்கா இருக்கிறது. நான்காவது பெட்டி செய்யச் சொல்லப்பட்டது. ஆப்பிரிக்கக் கரி காரைக்காலில் வந்து இறங்கும். ஜனவரிக் கூட்டத்தில் தேர்வு முடிந்துவிடும். கதிரவன் ஓடிவந்து, “மாமா, சேர்மன்கிட்டப் பேசிட்டேன். கரி தேர்வான அன்னிக்கே பாப்பாவுக்கு ஆர்டர். டைப்பே அடிச்சு வச்சாச்சு” என்றான்.

அப்புறம்தான் புயல் வந்தது.

மண்டபத்துச் சன்னல்கள் பறந்தன. மூன்று கரியும் நனைந்து, மணவறைப் படிகளில் கறுப்பாக ஒழுகின. ஜெனரேட்டர் மட்டும் நிற்கவில்லை, ஏ.சி. உள்ளே பெய்த மழையைக் குளிரவைத்துக்கொண்டிருந்தது. முந்திரிமேட்டில் மின்கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. சாலையில் மரங்கள். சிதம்பரத்துக்கு ஆம்புலன்ஸ் போகவும் வழியில்லை. காரைக்காலுக்குக் கப்பல் வரவில்லை.

கூட்டம் மட்டும் தள்ளிப்போகவில்லை, மண்டபத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் அலுவலகத்துக்கு மாறியது.

அன்று காலை கழகத்து வாட்ச்மேன் பக்கிரி சைக்கிளைத் தூக்கிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் வைத்திலிங்கத்தைத் தேடி வந்தான். அவர் வீட்டில் இல்லை. இருந்த இடத்துக்கே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றான்.

“கதிரவன் சார் சொல்லி அனுப்புனாரு மாமா. அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது. பதினோரு மணிக்கு நாலாவது பெட்டி காலியா இருந்தா சேர்மன் கூட்டத்த ஒத்தி வச்சிடுவாராம். அப்புறம் எப்பன்னு சொல்ல முடியாதாம். கருப்பா, காஞ்சதா எது கெடச்சாலும் கொண்டாரச் சொன்னாரு. நெசமான கரி கப்பல்ல வந்து எறங்குற வரைக்கும் யாரும் கிட்டப் போயிப் பாக்க மாட்டாங்களாம்.” சொல்லிவிட்டு, “நான் போயி முடியலேன்னு சொல்லிடறேன் மாமா” என்றான்.

வைத்திலிங்கம் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, “இரு” என்றார்.

இஸ்திரி போடும் பழனிவேலிடம் ஒரு மூட்டைக் கரி இருந்தது. புயலில் கொழகொழத்துப் போயிருந்தது. டீக்கடைக் கரி சேறு. முந்திரிமேட்டில் காய்ந்த கரி ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அங்கிருந்து அள்ளிக்கொண்டார். பையைப் பிடிக்கச் சொன்னபோது பக்கிரி பிடிக்கவில்லை. வண்டியில் வைக்கும்வரை கைகட்டி நின்றான்.

பத்து ஐம்பத்தைந்துக்கு வண்டி திருப்பாதிரிப்புலியூர் வந்து சேர்ந்தது. கதிரவன் வாசலில் தவித்துக்கொண்டிருந்தான்.

“தெய்வமே! கெடச்சுதா?” பைக்குள் எட்டிப் பார்த்தான். “மாமா, இது விறகுக் கரியாட்டம் இருக்கே... சரி சரி, வாங்க. என்னா மொட்டை?”

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

புயலுக்கு ஒரு கண்டனத் தீர்மானம் நிறைவேறிக்கொண்டிருந்தது. வைத்திலிங்கம் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நான்காவது பெட்டியின் பட்டில் கரியைத் துண்டு துண்டாக வைத்தார். அவ்வளவு மெதுவாக அவர் எந்தக் கரியையும் வைத்ததில்லை.

“மொட்டையா? திருப்பதியா?” என்றார் சேர்மன் குஷியாக. “பிரசாதம் எங்கே?”

“புயலுக்கு நடுவிலும் வேண்டுதல்” என்றார் சார்லஸ். “கழகத்துக்காகத்தான் இருக்கும்.”

நிபுணர்கள் பெட்டியைச் சூழ்ந்தார்கள். நாலு வருஷமாக அவர்கள் கரியைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருந்தார்கள். ஒருவர் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திகைத்தார். “எடையே இல்லை! ஈரப்பதம் சுத்தமாக இல்லை என்று அர்த்தம்.” இன்னொருவர் முகர்ந்தார். “கந்தக வாடை கிடையாது.” மூன்றாமவர் வெளிச்சத்தில் பிடித்தார். “இதோ பாருங்கள், மர வளையம்! மரம்தான் மண்ணில் புதைந்து நிலக்கரியாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முப்பது கோடி வருஷம் இருக்கும்.”

வைத்திலிங்கத்தின் வாய்வரை வேறொரு வயது வந்து நின்றது. விழுங்கிக்கொண்டார். அப்போதுதான் சைக்கிளோடு வந்து சேர்ந்து கதவருகே நின்ற பக்கிரி கண்ணைத் துடைத்தான். என்ன என்று கேட்டவரிடம், “கரித்தூசி சார்” என்றான்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இருபத்தைந்து வருஷத்துக்கு இதே கரிதான். சேர்மன் எழிலரசியின் வேலை ஆணையில் கையெழுத்துப் போட்டார். கதிரவன் அதை எடுத்து வைத்திலிங்கத்தின் பக்கம் நீட்டினான். நீட்டிய கையைச் சேர்மன் தடுத்தார்.

“ஒரு நிமிஷம். வேலியில் என்ன எழுதியிருக்கிறோம்? முதல் கரி ‘எரியும்’ அன்று. தேர்வாகும் அன்று இல்லை. மக்களுக்குக் கொடுத்த வாக்கில் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. அதோடு, நமக்கு நிலம் கொடுத்த அனுமதி இந்த மாதத்தோடு காலாவதியாகிறது. முதல் கரி எரிந்ததற்கு ஒரு போட்டோ இருந்தால் கொதிகலன் எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. நிலம் நம்மிடமே இருக்கும். ஆகவே, எரித்துவிடுவோம். இங்கேயே. இப்போதே.”

எங்கிருந்தோ ஒரு பித்தளைத் தூபக்கால் வந்தது. கற்பூரம் வந்தது. போட்டோகிராபர் நாற்காலிமேல் ஏறினார். சேர்மனே இரண்டு துண்டுக் கரியை எடுத்துத் தூபக்காலில் வைத்து, தீப்பெட்டியை வைத்திலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

“சம்பிரதாயம் மாறக் கூடாது. மக்கள் கையால். கொளுத்துங்கள்.”

கதிரவன் ஆணையை அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். மேலே எழிலரசியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. “கொளுத்துங்க மாமா. ஒரு குச்சிதான். முடிஞ்சுது” என்று கிசுகிசுத்தான்.

வைத்திலிங்கம் ஒரு குச்சியை எடுத்தார். எழுத்தைப் பார்த்தார். கரியைப் பார்த்தார். குச்சியை விரலிடுக்கில் உருட்டினார். போட்டோகிராபர் “சார், கேமராவப் பாருங்க” என்றார்.

குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் செருகி, தீப்பெட்டியை மேசைமேல் வைத்தார். தூபக்காலிலிருந்த இரண்டு துண்டையும் எடுத்து, கற்பூரத்தூள் போகத் துண்டால் துடைத்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கோணிப்பைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

“என்ன செய்கிறீர்கள்?” சேர்மன் எழுந்துவிட்டார். “அது கழகத்தின் கரி!”

“இல்லீங்க சார்” என்றார் வைத்திலிங்கம். “பொண்ணு வேலைக்குன்னு கேட்டா அவளே எடுத்துக் குடுப்பா, அதான் அள்ளியாந்தேன். லோகநாயகிங்க, எம் பொண்டாட்டி. நேத்து சாயங்காலம் முந்திரிமேட்டு சுடுகாட்டுல நாந்தான் கொளுத்துனேன். இன்னொரு தரம் என் கையால முடியாதுங்க.”